ரஹாங் என்றால் தாடை: நியாண்டர்தால் மனிதனுக்கும் நமக்கும் என்ன உறவு?

சிரம்பானில் வளர்ந்தவர்களுக்கு ரஹாங் தெரியாமல் இருக்காது. பஸ் பலகையில் பார்த்த பெயர், தாத்தா பாட்டி தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த பக்கம், இப்போது கடைகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த இடம். ஆனால் அறிவியல் பாடத்தில் 'துலாங் ரஹாங்' என்று படித்தபோது எத்தனை பேர் சட்டென்று இந்த ஊரை நினைத்திருப்போம்?

மலாயில் ரஹாங் என்றால் தாடை. மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற ஆராய்ச்சியில் தாடை எலும்புக்கு ரொம்பப் பெரிய இடம் உண்டு. உடம்பில் மற்ற எலும்புகள் மக்கிப்போன பிறகும் தாடையும் பல்லும் பல நேரம் மிஞ்சி நிற்கும். ஆகவே ரஹாங்கிலிருந்தே கதையை ஆரம்பிக்கலாம்.

நியாண்டர்தால் மனிதர்கள் யார்? அவர்கள் மலேசியாவுக்கு வந்தார்களா? அவர்களுடைய மரபணு தமிழர்களிடம் இருக்கிறதா? 'இந்த மண்ணுக்கு யார் முதலில் வந்தது' என்று யாராவது கேட்டால் அறிவியல் என்ன பதில் சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் மோவாயைத் தொட்டுப் பாருங்கள்

கீழ் உதட்டுக்குக் கீழே முன்னால் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அதுதான் மோவாய். இன்று உலகில் வாழும் எல்லா மனிதர்களுக்கும் அது இருக்கிறது. மலாய்க்காரர், சீனர், தமிழர், ஒராங் அஸ்லி, ஐரோப்பியர், ஆப்பிரிக்கர் யாராக இருந்தாலும் சரி.

நியாண்டர்தால் மனிதர்களுக்கு அப்படி ஒரு மோவாய் கிடையாது. அவர்களுடைய கீழ்த்தாடை முன்பக்கம் அப்படியே சரிந்து போகும். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சிறு இடைவெளியும் இருக்கும். புருவத்துக்கு மேல் தடித்த எலும்பு மேடு, அகலமான மூக்கு, குட்டையான ஆனால் உறுதியான உடம்பு ஆகியவை மற்ற அடையாளங்கள். மூளை மட்டும் சின்னதில்லை; நம் மூளை அளவுக்கு இருந்தது, சிலரிடம் அதைவிடப் பெரிதாகவும் இருந்தது.

மேற்கே ஸ்பெயின், போர்த்துகல் தொடங்கி கிழக்கே சைபீரியாவின் அல்தாய் மலை வரை அவர்கள் வாழ்ந்தார்கள். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பு மறைந்துவிட்டார்கள்.

நம் இனத்தின் பெயர் ஹோமோ சேப்பியன்ஸ். இதுவரை கிடைத்தவற்றில் நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள் என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. அப்படியானால் நியாண்டர்தால்கள் நமக்குத் தாத்தா முறை ஆகமாட்டார்கள். ஒரே பூர்வீகத்திலிருந்து பிரிந்த பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் ஆப்பிரிக்காவில் உருவான அதே காலத்தில் அவர்கள் ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இருந்தார்கள்.

கல் உடைத்தவர்கள் கண்டுபிடித்த மனிதன்

1856 ஆகஸ்ட். ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ப் நகருக்கு அருகே நியாண்டர் பள்ளத்தாக்கு. அங்கே சுண்ணாம்புக்கல் உடைக்கும் தொழிலாளர்கள் ஒரு குகையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். சேற்றோடு எலும்புகளும் வந்தன. ஏதோ கரடி எலும்பு என்று நினைத்து வெளியே வீசினார்கள். கொஞ்சம் எலும்புகள் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் யோஹான் கார்ல் ஃபுல்ராட்டிடம் போய்ச் சேர்ந்தன. இது கரடி இல்லை, பழங்கால மனிதன் என்று அவர் கண்டுகொண்டார். 'தால்' என்றால் ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. பெயர் அங்கிருந்துதான் வந்தது. 1864இல் வில்லியம் கிங் என்பவர் இதற்குத் தனி இனப் பெயர் சூட்டினார்.

ஆசிரியரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. முதலில் கண்ணில் பட்டது கூலிக்கு மண் அள்ளியவர்களுக்கு. தோட்டத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

1907இல் ஜெர்மனியின் மவுவர் கிராமத்தில் ஒரு மணல் குழியில் இன்னொரு முக்கியமான கண்டுபிடிப்பு நடந்தது. அங்கே கிடைத்தது ஒரே ஒரு கீழ்த்தாடை. 6 லட்சம் ஆண்டுப் பழமையான அந்தத் தாடையை வைத்துத்தான் ஹோமோ ஹைடல்பெர்கென்சிஸ் என்ற இனமே பெயர் பெற்றது. அதையும் கண்ணில் கண்டது அங்கே வேலை செய்த தொழிலாளிதான்.

நியாண்டர் பள்ளத்தாக்கின் அந்தக் குகை இப்போது இல்லை. கல் உடைத்து உடைத்து மலையே போய்விட்டது. 1997இல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய குவாரிக் கழிவு கொட்டிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தோண்டினார்கள். 140 ஆண்டுகளுக்கு முன் வீசப்பட்ட எலும்புத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் சில, அருங்காட்சியகத்தில் இருந்த எலும்போடு அப்படியே பொருந்தின. எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

'நியாண்டர்தால்' என்பது திட்டுவதற்கான வார்த்தையா?

அறிவில்லாத முரடன் என்று சொல்ல இந்தப் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பெயர் கெட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1908இல் பிரான்சில் லா ஷப்பேல்-ஓ-செய்ன்ட் என்ற இடத்தில் ஒரு நியாண்டர்தால் முதியவரின் எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஆராய்ந்த மார்செலின் பூல், கூன் விழுந்து முட்டி மடங்கி நடக்கும் குரங்கு மாதிரி அவரை விவரித்தார். அந்தப் படம்தான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த மனிதருக்குக் கடுமையான மூட்டுவாதம் இருந்தது என்பது பிறகுதான் சரியாகப் புரிந்தது.

அவர்கள் செய்த காரியங்களைப் பார்த்தால் அந்தப் படம் நிற்காது.

தீயைப் பயன்படுத்தினார்கள். ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த பற்களில் படிந்த காறையைச் சுரண்டி ஆராய்ந்தபோது, சமைத்த தாவர மாவுச்சத்தின் தடயம் கிடைத்தது. பிரான்சின் புரூனிகெல் குகைக்குள், வெளிச்சமே புகாத ஆழத்தில், உடைத்த சுண்ணாம்புத் தூண்களை வட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். அதன் வயது சுமார் 1,76,500 ஆண்டுகள்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் ஒரு தகவலும் உண்டு. நியாண்டர்தால்கள் பிர்ச் மரத்தின் பட்டையைச் சூடாக்கி, கறுப்பாக ஒட்டும் ஒரு தாரை எடுத்தார்கள். கல் முனையைக் கட்டையோடு ஒட்டவைக்க அது பயன்பட்டது. இத்தாலியில் கிடைத்த சான்று சுமார் 2 லட்சம் ஆண்டுப் பழமையானது. பட்டையைச் சும்மா நெருப்பில் போட்டால் சாம்பல்தான் மிஞ்சும். சூட்டையும் காற்றையும் பார்த்துச் செய்ய வேண்டும். மரம் சீவிப் பால் எடுத்த நம் பாட்டிமார்களுக்கு, பட்டையிலிருந்து காரியம் சாதிப்பது எவ்வளவு கைப்பக்குவம் கேட்கும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர்கள் மலேசியாவுக்கு வந்தார்களா?

இல்லை. மலேசியாவிலோ தென்கிழக்காசியாவின் வேறெந்த நாட்டிலோ நியாண்டர்தால் எலும்பு கிடைத்ததில்லை. இந்தியாவிலும் இல்லை.

ஆனால் இந்தப் பக்கம் ஆளில்லாத காடாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஜாவாவில் 1891இல் யூஜின் டுபுவா கண்டெடுத்த ஹோமோ எரெக்டஸ், புளோரஸ் தீவில் 2003இல் கிடைத்த குள்ளமான ஹோமோ புளோரெசியென்சிஸ், பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் கிடைத்து 2019இல் பெயரிடப்பட்ட ஹோமோ லூசோனென்சிஸ் என்று நம்மைச் சுற்றி பல வகை மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டமும் உண்டு: டெனிசோவன்கள். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் டி.என்.ஏ.வை வைத்து 2010இல் இவர்கள் இருந்ததே தெரியவந்தது. இவர்கள் நியாண்டர்தால்களுக்கு நெருங்கிய சொந்தம். 2018இல் அதே குகையின் ஓர் எலும்புத் துண்டை ஆராய்ந்தபோது, அது ஓர் இளம்பெண்ணுடையது என்றும், தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவன் என்றும் தெரிந்தது. கலப்புத் திருமணம் எல்லாம் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை!

டெனிசோவன் கதையிலும் தாடைக்குத்தான் முக்கிய வேடம். திபெத்திய மேட்டுநிலத்தின் ஒரு குகையில் 1980இல் ஒரு பௌத்த துறவி கண்டெடுத்த பாதித் தாடை, குறைந்தது 1,60,000 ஆண்டுப் பழமையான டெனிசோவனுடையது என்று 2019இல் தெரிந்தது. தைவான் அருகே கடலடியிலிருந்து மீன் வலையில் சிக்கி வந்த இன்னொரு தாடையும் டெனிசோவன் ஆணுடையதே என்று 2025இல் உறுதியானது. இரண்டிலும் டி.என்.ஏ. மிஞ்சவில்லை. பல்லிலும் எலும்பிலும் ஒட்டியிருந்த புரதத்தைப் படித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

இது நமக்கு முக்கியம். வெப்ப நாடுகளில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். புரதம் அதைவிடக் கூடுதல் காலம் தாங்கும். வருங்காலத்தில் மலேசியாவில் ஒரு பழைய பல் கிடைத்தால், அது யாருடையது என்று சொல்ல இந்த வழி உதவலாம்.

மலேசியாவில் என்ன கிடைத்திருக்கிறது?

முதலில் சரவாக். நியா பெருங்குகையில் 1958 பிப்ரவரியில், சரவாக் அருங்காட்சியகத்தின் டாம் ஹாரிசனும் பார்பரா ஹாரிசனும் நடத்திய அகழாய்வில் ஒரு மண்டையோடு கிடைத்தது. தோண்டிய பள்ளம் தாங்க முடியாத வெக்கையாக இருந்ததால் அதற்கு 'நரகக் குழி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆழத்தில் கிடைத்ததால் மண்டையோட்டுக்கு 'ஆழ்மண்டை' என்று பெயர். அதன் வயது சுமார் 35,000 முதல் 40,000 ஆண்டுகள். தென்கிழக்காசியாவில் கிடைத்த மிகப் பழைய நவீன மனிதர்களில் ஒருவர்.

முதலில் இது ஓர் இளைஞனுடையது, ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரைப் போன்ற தோற்றம் கொண்டது என்று எழுதினார்கள். 2016இல் டேரன் கர்னோ குழுவினர் மறுபடி ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் நடுவயதுப் பெண்ணாக இருக்கலாம், இன்றைய போர்னியோ பூர்வகுடி மக்களைப் போன்ற அமைப்பு தெரிகிறது என்றார்கள். ஒரே மண்டையோடுதான், அரை நூற்றாண்டு கழித்து வேறு கதை சொல்கிறது. எலும்பைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இந்தத் திருத்தம் நடந்தது.

அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள்? இங்கேதான் ருசியான விஷயம். குகை மண்ணில் காடோங் என்ற காட்டுக் கிழங்கின் தடயமும், கெப்பாயாங் பழக் கொட்டையின் தடயமும் கிடைத்தன. இரண்டும் பச்சையாகத் தின்றால் விஷம். கெப்பாயாங் கொட்டைதான் நியோன்யா சமையலில் வரும் 'பூவா கெலுவாக்'. மலாயில் 'மாபோக் கெப்பாயாங்' என்று சொல்வோமே, காதல் தலைக்கேறிய ஆளைப் பார்த்து? அதே கெப்பாயாங்தான். இதைச் சாம்பலில் புதைத்தும் நீரில் ஊறவைத்தும் விஷம் நீக்கும் முறை இன்றும் இருக்கிறது. நியாவில் சாம்பல் நிறைந்த குழிகளும் கிடைத்திருக்கின்றன. மழைக்காட்டைப் புரிந்துகொண்டு, விஷத்தைச் சோறாக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

அடுத்தது பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கு. அங்கே கோத்தா தம்பான் என்ற இடத்தில் கற்கருவிகள் செய்த பட்டறையே கிடைத்தது. 1938இலிருந்து பலர் தோண்டிய இடம் அது. 1987இல் யுனிவர்சிட்டி சாயின்ஸ் மலேசியாவின் சுரைனா மஜிட் தலைமையில் விரிவான ஆய்வு நடந்தது. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் அங்கே படிந்திருக்கிறது. அதை வைத்துத்தான் பட்டறையின் காலத்தைக் கணித்தார்கள்.

ஆனால் அந்தக் கருவிகளைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. செய்தது நம் இனமா, அதற்கு முந்தைய இனமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு. அருகில் புக்கிட் பூனோவில் கிடைத்த கைக்கோடரிக்கு 18.3 லட்சம் ஆண்டு வயது என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் காலக் கணிப்பையும் எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை.

லெங்கோங் 2012இலும் நியா 2024இலும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன.

கை ஊனமுற்ற இரண்டு பேர்

லெங்கோங்கில் 1991இல் குவா குனுங் ருந்து குகையில் முழு எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. 'பேராக் மனிதன்' என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வயது சுமார் 10,000 ஆண்டுகளுக்கு மேல். கால்களை மடக்கி, ஆற்று நத்தை ஓடுகளையும் இறைச்சியையும் கற்கருவிகளையும் உடன் வைத்துப் புதைத்திருந்தார்கள்.

அவருடைய இடது கை பிறவியிலேயே குறைபாடு உடையது. கையும் விரலும் சரியாக வளரவில்லை. அப்படியிருந்தும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

ஷானிதார் குகையில் 1950களில் ரால்ப் சொலெக்கி கண்டெடுத்த நியாண்டர்தால் ஆண் ஒருவரும் இப்படித்தான். ஒரு பக்க முகத்தில் பலத்த அடி, அந்தக் கண்ணில் பார்வை போயிருக்கலாம். வலது கை சூம்பிப்போய் பாதிதான் இருந்தது. அவரும் அந்தக் காலத்துக்கு முதியவர் என்று சொல்லும் வயதுவரை இருந்தார்.

இருவருக்கும் இடையே பல்லாயிரம் ஆண்டுகள், பல்லாயிரம் கிலோமீட்டர். இருவரும் வேறு வேறு இனம். ஆனால் ஒரு கை இல்லாமல் காட்டில் இத்தனை வருஷம் தனியாக வாழ்வது எளிதில்லை. கூட இருந்தவர்கள் பங்கு கொடுத்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தமிழர்களிடம் நியாண்டர்தால் மரபணு இருக்கிறதா?

இருக்கிறது. நியாண்டர்தால்கள் இந்தியாவுக்கு வரவில்லை என்றாலும் அவர்களின் மரபணு வந்துவிட்டது.

2010இல் ஸ்வாந்தே பேபோ குழுவினர் நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை முதன்முதலாக வெளியிட்டார்கள். இந்தத் துறையை உருவாக்கியதற்காக 2022இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய நம் முன்னோர், மேற்கு ஆசியப் பக்கத்தில் நியாண்டர்தால்களோடு கலந்தார்கள் என்பது அப்போது தெரியவந்தது. 2024இல் வந்த ஆய்வு ஒன்று இந்தக் கலப்பு சுமார் 50,500 முதல் 43,500 ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் நடந்ததாகக் கணக்கிட்டது. அதன் பிறகுதான் அந்த மக்களின் வாரிசுகள் நாலா பக்கமும் பரவினார்கள்.

அதனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர் உள்ள எல்லோரிடமும் சுமார் 1 முதல் 2 விழுக்காடு நியாண்டர்தால் மரபணு இருக்கிறது. ரஹாங் கோப்பிக் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் முத்து, அஹ்மாட், மெய் லிங் மூன்று பேரிடமும் உண்டு. ஆப்பிரிக்கர்களிடமும் மிகச் சிறு அளவு இருக்கிறது, ஏனென்றால் சிலர் திரும்பியும் போனார்கள்.

2025இல் 'செல்' ஆய்விதழில் 2,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மரபணுவைப் படித்த ஆய்வு வெளியானது. ஒவ்வொருவரிடமும் இருக்கும் துண்டு சிறியதுதான். ஆனால் ஆளுக்கு ஆள் வேறு வேறு துண்டுகள். எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கினால் நியாண்டர்தால் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய பாதியை மீட்டெடுக்க முடிகிறது என்றது அந்த ஆய்வு.

இதில் ஒரு துண்டு கோவிட் காலத்தில் பெரிய செய்தியானது. மூன்றாவது குரோமோசோமில் உள்ள ஒரு பகுதி, கோவிட் தொற்று கடுமையாகும் ஆபத்தைக் கூட்டுகிறது. அது நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று 2020இல் ஹியூகோ சீபெர்க்கும் பேபோவும் காட்டினார்கள். தெற்காசியாவில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினரிடம் அது இருக்கிறது. ஐரோப்பாவில் சுமார் 16 விழுக்காடு. கிழக்காசியாவில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

உடனே பயப்பட வேண்டாம். வயது, நீரிழிவு போன்ற நோய்கள், தடுப்பூசி, வீட்டில் எத்தனை பேர் நெருக்கியடித்து வாழ்கிறார்கள், மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பவையும் முடிவைத் தீர்மானிக்கும் காரணங்கள். இதே மரபணுத் துண்டு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது என்று சீபெர்க் 2022இல் எழுதினார். அதே சமயம் பன்னிரண்டாவது குரோமோசோமில் உள்ள வேறொரு நியாண்டர்தால் துண்டு கோவிடிலிருந்து ஓரளவு காப்பாற்றுகிறது. முன்னோர் சொத்து என்றால் கடனும் வரும், நிலமும் வரும்.

தமிழ்நாட்டுக் கற்கள் சொல்வது

நியாண்டர் எலும்புக்கு வில்லியம் கிங் பெயர் சூட்டிய காலத்தில்தான் சென்னையிலும் ஒரு கதை தொடங்கியது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு பழைய கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்தையும் அவர் அடையாளம் கண்டார்.

அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் தோண்டினார்கள். 2018இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. கல்லை முதலில் தயார்செய்து, பிறகு வேண்டிய வடிவில் சில்லு எடுக்கும் நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் பயன்படுத்தியதும் இந்த மாதிரியான நுட்பமே. நவீன மனிதர்கள் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ரொம்ப முந்தையது இது. அங்கும் மனித எலும்பு கிடைக்கவில்லை. கல் இருக்கிறது, கை யாருடையது என்பதுதான் கேள்வி.

இலங்கையில் எலும்பே கிடைத்திருக்கிறது. பாஹியன்கல குகையில் நவீன மனிதர்கள் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்தார்கள். மழைக்காட்டில் குரங்குகளையும் அணில்களையும் வேட்டையாடினார்கள். நியாவில் பார்த்த அதே காட்டு அறிவு.

சரி, 'யார் முதலில் வந்தது?'

மலேசியாவில் வளரும் இந்தியப் பிள்ளைகள் இந்தக் கேள்வியை ஏதோ ஒரு நாள் சந்திப்பார்கள். சில சமயம் அது கேள்வியாக வராது. 'பெண்டாத்தாங்' என்ற வசையாக வரும். தோண்டி எடுத்த எலும்பை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். லாவோஸின் தாம் பா லிங் குகையில் நவீன மனிதர்கள் 68,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள் என்று 2023 ஆய்வு சொல்கிறது. சுமத்ராவின் லிடா அஜேர் குகையில் கிடைத்த பற்கள் 63,000 முதல் 73,000 ஆண்டுப் பழமையானவை. ஆனால் மரபணுக் கணக்கைப் பார்த்தால் இன்றைய மக்களின் வம்சம் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய அலையிலிருந்து வந்தது. முதலில் வந்தவர்களில் பலர் தடயம் இல்லாமலே போயிருக்கலாம்.

கிளந்தானின் குவா சா குகையில் புதைக்கப்பட்ட, 4,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒருவரின் டி.என்.ஏ.வை 2018இல் படித்தார்கள். அவர் இன்றைய ஜஹாய் போன்ற ஒராங் அஸ்லி மக்களுக்கும் அந்தமானின் ஓங்கே மக்களுக்கும் நெருங்கியவர். தென்னிந்தியர்களின் முன்னோரில் ஒரு பகுதியான பழங்கால வேட்டைக் குடிகளும் இதே பெருமரத்தின் தொலைதூரக் கிளைதான். பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தாலும் உறவு உறவுதானே.

தீபகற்பத்துக்குப் பிறகு விவசாயிகள் வடக்கேயிருந்து வந்தார்கள். கடல் வழியாக வேறு மக்கள் வந்தார்கள். வணிகர்கள் வந்தார்கள். பிறகு ஈயம் தோண்டவும் ரப்பர் சீவவும் வந்தார்கள். எல்லோருமே எங்கிருந்தோ நடந்தோ படகிலோ வந்தவர்கள்.

ஆனால் 'எல்லோரும் வந்தவர்கள்தானே' என்று சொல்லி ஒராங் அஸ்லி மக்களின் முன்னுரிமையைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. நெகிரி செம்பிலானில் வாழும் தெமுவான் மக்களின் நில உரிமைக்கு 50,000 ஆண்டுக் கணக்கு தேவையில்லை. அதுபோல ஒரு தோட்டத் தொழிலாளியின் பேத்திக்குக் குடியுரிமை இருப்பதற்கும் மண்டையோட்டுச் சான்று தேவையில்லை. உரிமை சட்டத்திலிருந்தும் உழைப்பிலிருந்தும் வருகிறது. எலும்பு வேறு வேலைக்கு: 'என் ரத்தம் சுத்தம், உன் ரத்தம் கலப்பு' என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்கு அது சாட்சி.

ரஹாங்கில் தோண்டினால் கிடைக்குமா?

பழைய தாடை கிடைக்கும் என்று மண்வெட்டியைத் தூக்க வேண்டாம். சிரம்பானைச் சுற்றிப் பெரும்பாலும் கருங்கல் மலைகள். அந்த மண் அமிலத் தன்மை கொண்டது. மழையும் சேர்ந்து எலும்பைக் கரைத்துவிடும். நெகிரி செம்பிலானின் பழமைக்கு லிங்கி அருகே பெங்காலான் கெம்பாஸில் நிற்கும் பெருங்கற்களையும் 1467ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் போய்ப் பார்க்கலாம்.

எலும்பு நிலைப்பது சுண்ணாம்பு மலைகளில்தான். பேராக், கிளந்தான், பஹாங், பெர்லிஸ், சரவாக். நாம் தைப்பூசத்துக்குப் போகும் பத்துமலையும் சுண்ணாம்பு மலைதான். அங்கே பனியுகக் காலத்து ஒராங் ஊத்தான் பற்கள் கிடைத்ததாக 2013இல் ஆய்வு வெளியானது. ஒரு காலத்தில் கோலாலம்பூர் பக்கத்திலேயே ஒராங் ஊத்தான் திரிந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பற்கள்தான் ஆதாரம்.

சிக்கல் என்னவென்றால் சிமெண்டுக்கும் பளிங்குக்கும் தேவையானதும் இதே மலைகள். ஈப்போ பக்கம் போனவர்கள் பாதி வெட்டிய மலைகளைப் பார்த்திருப்பார்கள். கிளந்தானின் நெங்கிரி பள்ளத்தாக்கில் அணை கட்டப்படுவதால் தாழ்வான குகைகள் நீரில் மூழ்கும் நிலை. அதற்கு முன்பாக யு.கே.எம். பல்கலைக்கழகமும் மற்ற நிறுவனங்களும் அவசரமாகத் தோண்டியதில் நூற்றுக்கும் மேற்பட்ட பழங்கால எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று 14,000 முதல் 16,000 ஆண்டுப் பழமையானது என்று கணிக்கப்பட்டுள்ளது. அப்படியென்றால் பேராக் மனிதனைவிட மூத்தவர்.

மின்சாரமும் வேண்டும், சிமெண்டும் வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன் பார்ப்பதா, வெட்டிய பிறகு குப்பையில் தேடுவதா என்பதில் நமக்குத் தேர்வு இருக்கிறது. நியாண்டர் பள்ளத்தாக்கில் இரண்டாவதுதான் நடந்தது.

நீங்கள் எதையாவது கண்டால்?

குகைக்குப் போகும்போதோ, வீடு கட்ட மண் தோண்டும்போதோ, ஆற்றோரத்திலோ வித்தியாசமான எலும்பு, பல், செதுக்கிய கல் கண்ணில் பட்டால்:

எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதை வைத்துத்தான் வயதைக் கண்டுபிடிப்பார்கள். எடுத்துவிட்டால் பாதிச் சாட்சி போச்சு.

பக்கத்தில் ஒரு நாணயமோ பேனாவோ வைத்துப் படம் எடுங்கள். அளவு தெரியும். இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜாபாத்தான் வாரிசான் நெகாராவுக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மரபுப் பொருளைக் கண்டெடுப்பவர் தெரிவித்தாக வேண்டும். மனித எலும்பாகத் தெரிந்தால் போலீசிலும் சொல்லுங்கள்.

சமூக வலைத்தளத்தில் இடத்தின் முகவரியோடு போடாதீர்கள். அடுத்த நாளே தோண்டி எடுத்துப் போக ஆள் வந்துவிடும்.

1856இல் எலும்பை வீசாமல் எடுத்துக் காட்டியவர்களுக்கும், 1907இல் மணல் குழியில் தாடையைப் பார்த்தவருக்கும் பட்டம் எதுவும் இல்லை. இது ஏதோ வித்தியாசமாக இருக்கிறதே என்று ஒரு நிமிடம் நின்றார்கள். அவ்வளவுதான். அடுத்த முறை ரஹாங் பலகையைக் கடக்கும்போது மோவாயை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அந்த எலும்பு நம் இனத்தோடு வந்தது. உள்ளே ஓடும் ரத்தத்தில் மோவாய் இல்லாத பங்காளிகளின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.